மதகுக் கல்லில் வைத்த நுங்கு

தேர்வாய் கண்டிகைப் பக்கம் வந்து, கிரேன் வைத்திருக்கிற பெரியவர் வீடு எது என்று கேட்டால் போதும், சின்னப் பிள்ளைகூடக் கூட்டிக்கொண்டு வந்து விட்டுவிடும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். இன்றைக்கு இன்ஜினீயருக்குப் படித்த பையன்கள் என் பட்டறையில் வேலை கேட்டு நிற்கிறார்கள். யார் தயவிலும் வளர்ந்தவனில்லை, யாருக்காகவும் காத்து நின்றவனில்லை என்று கல்யாண வீட்டில் மைக்கைப் பிடித்தே சொல்லியிருக்கிறேன். முதலில் சொன்னது நிஜம். இரண்டாவது அப்படியில்லை. ஒருத்திக்காகக் காத்து நின்றிருக்கிறேன். நைனாவின் தங்கை, என் அத்தை.

ஆரம்பாக்கத்துக்கு மேற்கே எங்கள் ஊர். இப்போது கம்பெனி பஸ் வந்து நிற்கிற இடத்தில் அப்போது ஓலைக் கூரை போட்ட ஒரு பால்வாடி இருந்தது. பொன்னேரியிலிருந்து வந்த டீச்சரம்மா ஒருவர் அங்கேயே தங்கிப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பார். வேதக்காரர், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவர். அத்தை அங்கே ஆயா. மூக்குச் சிந்திவிடுவது, பால் பவுடரைக் கரைத்துக் காய்ச்சுவது, தூங்குகிற பிள்ளைக்கு ஈ ஓட்டுவது எல்லாம் அவள் வேலை. டீச்சரம்மாவுக்கு இருந்த மரியாதையைவிட அத்தையின் கரண்டிக்கு மரியாதை அதிகம். எனக்கு மட்டும் பாலில் ஆடை விழும். ஆயாவின் மருமகன் என்றால் சும்மாவா.

நான் மூன்றாம் வகுப்பு முடித்த கோடையில் காலரா வந்தது. உலகம் முழுக்கச் சுற்றி வந்த நோய் என்று பிற்பாடு யாரோ சொன்னார்கள். எங்களுக்கு அது எங்கள் ஏரிக் கரையிலேயே முளைத்த மாதிரிதான் இருந்தது. பால்வாடியை மூடிவிட்டார்கள், டீச்சரம்மாவையும் அத்தையையும் மட்டும் விடவில்லை. வீடு வீடாகப் போ, கிணற்றுக்கு மருந்துப் பவுடர் போட ஆள் கூட்டு, படுத்தவர்களுக்குக் கஞ்சித் தண்ணீர் கொடு என்று அனுப்பினார்கள். அவர்களைக் கண்டால் ஊர் கதவைச் சாத்திக்கொண்டது. இவர்கள்தான் நோயைக் கூடையில் வைத்துக் கொண்டுவருகிறார்கள் என்று பேச்சு.

பிறகு டீச்சரம்மாவே படுத்துக்கொண்டார். அவர் வீட்டு ஆட்கள் பொன்னேரியிலிருந்து ரயில் ஏறவில்லை. அத்தை பால்வாடிக்குள் போய் அவரோடு தங்கிவிட்டாள். நைனா தெருவில் நின்று, "அவ ஊட்டுக்குள்ள காலு வைக்கக் கூடாது. எனக்குப் புள்ளகுட்டி கீது" என்று கத்தினார். கத்திவிட்டு உள்ளே வந்து, அத்தைக்குக் கொஞ்சம் சோறு எடுத்து வை என்று அம்மாவிடம் மெல்லச் சொன்னார்.

சாயங்காலமானால் அம்மா வாழை இலையில் சோற்றைக் கட்டிக் கொடுப்பாள். எங்கள் வயலோரம் ஓடுகிற வாய்க்காலின் மதகுக் கல்லில் அதை வைத்துவிட்டு நான் தள்ளி வரப்பில் நிற்க வேண்டும். அத்தை அக்கரைப் பனைமரத்துப் பக்கமிருந்து வந்து எடுத்துக்கொண்டு, எட்ட நின்றபடி பேசுவாள்.

"மருமவனே, சாப்ட்டியாடா?"

"நீ எப்ப வருவ?"

"டீச்சரம்மா எழுந்து குந்தட்டும். அடுத்த நிமிசம் ஊட்டுல கீறேன்."

"அவங்க ஊட்டு ஆளுங்க பாக்க மாட்டாங்களா?"

"ரயிலுக்கே பயந்துக்கினு கீறாங்கடா. ஏன், நான் இல்லாம ஒனக்கு இன்னா பேஜாரு?"

"அம்மா தலைக்கு எண்ணெ வச்சா பிறாண்டுது."

"எனக்குப் பொண்ணு பொறந்தா ஒனக்குத்தான் கட்டுவேன். அவ நல்லா வச்சுவுடுவா."

"மொதல்ல ஒன்னக் கட்ட ஒருத்தன் வரட்டும்!"

"அடிங்க!" என்று மண்கட்டியை எடுத்து வாய்க்காலில் எறிவாள். தண்ணீர் என் மேல் தெறிக்கும். போகும்போது திரும்பித் திரும்பி, "வரேன்டா, வரேன்டா" என்று பனைமரம் மறைக்கிறவரை சொல்லிக்கொண்டே போவாள். அந்தச் சொல்லை வாங்கிக்கொண்டுதான் நான் வீட்டுக்குத் திரும்புவேன்.

டீச்சரம்மா தேறி வருகிறார், நேற்றுக் கஞ்சி குடித்தார் என்று ஒருநாள் சொன்னாள். நாளைக்கு நுங்கு கொண்டாடா, நாக்கு செத்துப்போச்சு என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் மரமேறுகிறவரிடம் கெஞ்சி இளசாய் நுங்கு வாங்கி, நானே சீவி, சோற்றோடு மதகுக் கல்லில் வைத்துவிட்டு நின்றேன்.

அத்தை வந்தாள். ஆனால் மதகுக்கு வரவில்லை. பனைமரத்துக்கு அப்பாலேயே நின்றுவிட்டாள். முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள். "அத்தே, நுங்கு!" என்றேன். போ, போ என்று கையை மட்டும் ஆட்டினாள். என்னை ஒருதரம் நன்றாகப் பார்த்தாள். திரும்பி நடந்தாள்.

"வரேன்னு சொல்லு அத்தே!" என்று கத்தினேன்.

நின்றாள். திரும்பவில்லை. பிறகு போய்விட்டாள்.

அப்படியொரு கோபம் எனக்கு. கல்யாணத்தைப் பற்றிக் கிண்டல் செய்ததற்காகவா, இல்லை டீச்சரம்மா பிழைத்ததும் நான் வேண்டாதவனாகிவிட்டேனா? யாரிடமும் சொல்லவில்லை. அப்போதே எனக்கு ரோஷம் ஜாஸ்தி.

டீச்சரம்மா பிழைத்துக்கொண்டார். அன்று ராத்திரியே படுத்துக்கொண்ட அத்தை பிழைக்கவில்லை. தொட ஊரில் ஆள் இல்லை. சுற்றுப்பட்ட ஊர்ப் பால்வாடிகளிலிருந்து ஆயாக்கள் வந்தார்கள். பெண்கள் சுடுகாட்டுக்குப் போகிற வழக்கமில்லாத எங்கள் ஊரில் அவர்களே தோள்கொடுத்துத் தூக்கிப்போனார்கள். எழுந்து நிற்க முடியாத டீச்சரம்மா பால்வாடி வாசல்வரை தவழ்ந்து வந்து பார்த்ததாகச் சொல்வார்கள். நான் பார்க்கப் போகவில்லை. என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் போனவள்தானே.

எங்கள் வீட்டில் கல்யாணமென்றால் முதலில் பூவாடைக்காரிக்குப் படையல் போடுவோம். கன்னியாகச் செத்துப்போன பெண்ணை நீர்க்கரையில் நின்று கூப்பிட்டு, புதுப்புடவையும் பூவும் வைத்து, வீட்டுக்கு வாம்மா என்று அழைத்து வருவது வழக்கம். என் கல்யாணத்திலும் சரி, என் பெண்களின் கல்யாணத்திலும் சரி, சனமெல்லாம் அத்தையைக் கூப்பிடும்போது நான் பந்தல்காரனைப் பார்க்கப் போய்விடுவேன். புடவை மட்டும் உசத்தியாக எடுத்துக் கொடுத்தேன். கூப்பிடவில்லை.

கொரோனா வந்தது. ரயில் நின்றது, கம்பெனிகள் மூடின. என் பட்டறையில் வேலை செய்த வடக்கத்திப் பையன்கள் ஊருக்குப் போக வழியில்லாமல் ஷெட்டிலேயே அடைபட்டார்கள். பாதிப் பேருக்குக் காய்ச்சல். நான் விடுவேனா, லோடு லோடாக அரிசி இறக்கினேன். ஆனால் ஷெட்டுக்குள் போக எனக்குத் தைரியமில்லை. என் பிள்ளைகளுக்கும் இல்லை. உள்ளே போனது அங்கன்வாடி ஆயா ஒருத்திதான். கபசுரக் குடிநீரைத் தூக்கில் ஊற்றிக்கொண்டு தினமும் வருவாள்.

நான் மாடியில் நின்று பேசுவேன். "இன்னாம்மா, நீ ஒருத்தியே வர? டீச்சர் எங்க?"

"ஆஸ்பத்திரில கீறாங்க சார். கொரோனா. அவங்க தெருவுக்கும் நாந்தான் போறேன்."

"அவங்க புள்ளைங்க?"

"காலைல நாஷ்டா நான் பண்ணிக் குடுத்துட்டு வரேன். மத்தியானம் பக்கத்து சென்டர் ஆயா. ராத்திரிக்கு இன்னொரு டீச்சர். எங்காளுங்கள நாங்க பாக்காம யாரு சார் பாப்பாங்க?"

ஒருநாள் அவளுக்கும் அந்த டீச்சர் வீட்டுக்கும் அரிசி மூட்டை கொடுத்தனுப்பச் சொன்னேன். வாங்கிக்கொண்டாள். கும்பிட்டாள். பேசாமல் திரும்பி நடந்தாள். தினமும் அப்படித்தான் போகிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது. எனக்குச் சுருக்கென்றது.

"ஏம்மா, அரிசி குடுத்தவன்கிட்ட ஒரு வரேன்கூட சொல்ல மாட்டியா?"

மாஸ்க்குக்கு மேலே அவள் கண் சிரித்தது. "இன்னா சார், பெரியவரு நீங்க. எழவு ஊட்டுல வரேன்னு சொல்லக் கூடாதுன்னு தெரியாதா? நான் இப்ப நோவு ஊட்டுலேர்ந்து வரேன். எம்மேலயே அது ஒட்டிக்கினு கீதோ இன்னாவோ. உங்க வாசல்ல நின்னுக்கினு வரேன்னு சொன்னா, அதுவும் சேந்து சொல்லிடும் சார். பேரப்புள்ளைங்க இருக்கற ஊடு."

எழவு வீட்டுச் சட்டம் எனக்குத் தெரியாததா? எத்தனை சாவுக்கு மாலை போட்டவன். சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து வந்தவன். ஆனால் நோயே நடந்து வந்து நம் வரப்போரம் நிற்கும், அதற்கும் அந்தச் சட்டம் உண்டு என்று எனக்குத் தோன்றவேயில்லை. அவள் போய்விட்டாள்.

அந்த டீச்சர் தேறி வந்தார். காய்ச்சலெல்லாம் அடங்கி, ஷெட்டுப் பையன்கள் ஊருக்குப் போன பிறகு ஒருநாள் அந்த ஆயா கேட் அருகே நின்று, தெருவே கேட்கிற மாதிரி, "வரேன் சார்!" என்று கத்திவிட்டுப் போனாள். அத்தைக்கு அப்படியொரு நாள் வாய்க்கவில்லை.

போன வைகாசியில் பேத்திக்குக் கல்யாணம். படையலில் நுங்கு வைக்கச் சொன்னேன். எதற்கு என்று கேட்டார்கள், அவளுக்குப் பிடிக்கும் என்றேன். மைக் இல்லாமலே ஊருக்குக் கேட்கிற என் குரல், அன்றைக்கு வாம்மா என்று கூப்பிடும்போது பக்கத்தில் நின்றவருக்குக்கூடக் கேட்கவில்லை.

நான் எதைக் கேட்டும் இல்லை என்று சொல்லாதவள் அவள். பாலாடை கேட்டேன், கொடுத்தாள். உப்புமூட்டை ஏறக் கேட்டேன், தூக்கினாள். அன்றைக்கு ஒரு சொல் கேட்டேன். பனைமரத்தடியில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றபோது, வாய்மேல் இருந்த முந்தானையை இன்னொரு கையாலும் சேர்த்து அழுத்தினாள். தோள் இரண்டும் குலுங்கின. என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, நான் இன்னும் பலமாகக் கத்தினேன்.