பின்சக்கரச் சூடு

பட்டறைத் தெருவே அவரைக் கொம்பன் என்றுதான் சொல்லும், முதுகுக்குப் பின்னால். முகத்துக்கு நேரே சொன்ன லாரி டிரைவருக்கு முன்பல் இரண்டு இல்லை. துருப்பிடித்த போல்ட் கழலவில்லையா, ஒரு கெட்ட வார்த்தை, சம்மட்டியால் ஓர் அடி. போல்ட் கழன்றுவிடும். மனுஷனையும் அப்படித்தான் வழிக்குக் கொண்டுவர வேண்டும் என்று ஐம்பது வயது வரை நம்பியிருந்தார், என்ன சொல்ல.

பட்டறையில் கூட்டாளி, தங்கை புருஷன். போன வருஷம் ஏதோ வாய்த்தகராறில் அவன் காதைக் கிழித்துவிட்டார். தங்கை வந்து நின்றாள்.

"அண்ணே, இன்னொரு தடவ அவர் மேல கை வச்சா, எனக்கு அண்ணனே இல்லைன்னு நெனச்சுக்குவேன்."

அவரைத் தேடி வருகிற ஒரே உறவு அவள்தான். சத்தியம் செய்து கொடுத்தார்.

பிறகுதான் வந்து சேர்ந்தது அந்தச் சனியன் பிடித்த பழைய கார், ஹேண்ட் பிரேக் பிடிக்கவில்லை என்று. கொம்பன் அந்த பிரேக்கைப் பின்சக்கரங்களோடு இணைக்கும் கேபிளை முறுக்கினார். மாப்பிள்ளை பின்சக்கரங்களுக்குப் புது பிரேக் ஷூ போட்டான். ஓட்டிவிட்டு வந்தால் ஷூவை மூடிச் சக்கரத்தோடு சுழலும் பின் டிரம் இரண்டும் கொதித்தன; தண்ணீர் தெளித்தால் சுர்ரென்றது. ஸ்பிரிங் மாற்றினார்கள், பிரேக் சிலிண்டர் மாற்றினார்கள். மறுபடியும் அதே சூடு, அதே கருகல் நாற்றம். கொம்பன் ஸ்பேனரைச் சுவரில் வீசினார்.

"ஷூவ மாத்திப் போட்டுத் தொலச்சிட்டியா?"

"ஷூ சரியாத்தான் இருக்கு மச்சான். நீங்க முறுக்கின கேபிள ஒரு தடவ பாத்தா என்ன?"

யாரைப் பார்த்து என்ன கேள்வி! கொம்பனுக்குக் கண்மண் தெரியவில்லை. மாப்பிள்ளையின் சட்டையைப் பிடித்துத் தூணில் மோதினார். மூக்கில் குத்தினார். விழுந்தவனை விலாவில் மிதித்தார், உள்ளே ஏதோ மளுக்கென்றது. தடுக்க வந்த கையையும் பிடித்துத் திருகினார். பக்கத்துக் கடைக்காரர்கள் ஓடிவந்து பிரித்தபோது மாப்பிள்ளையின் சட்டை முழுக்க ரத்தம்.

அப்போதும் ஆத்திரம் அடங்கவில்லை. அவன் சொன்னது தப்பு என்று நிரூபிக்கவே காருக்கு அடியில் புகுந்து கேபிள் நட்டைத் தளர்த்தினார். தூக்கி நிறுத்தியிருந்த காரின் பின்சக்கரத்தைத் தள்ளினார். அது தங்குதடையின்றிச் சுழன்றது. ஷூவைச் சரிசெய்த பிறகல்லவா கேபிளைத் தொட வேண்டும்? இவர் கேபிளையே முதலில், அதுவும் இருக்கிற பலத்தையெல்லாம் காட்டி முறுக்கியிருந்தார். ஷூ டிரம்மை விட்டு விலகவே முடியாமல் ஓயாமல் உரசியிருக்கிறது. அட பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

தங்கை வந்தாள். புருஷனைத் தாங்கி வண்டியில் ஏற்றினாள்.

"தப்பு என்னோடதும்மா. கேபிள்தான்..."

"அத கார்க்காரர்கிட்ட சொல்லுங்க," என்றாள். அண்ணே என்று கூப்பிடவில்லை. வண்டி தெருமுனை திரும்பும் வரை கொம்பன் பார்த்துக்கொண்டே நின்றார்.

வேலை பாதியில் கிடந்தது. ஷூவைச் சரிசெய்து, கேபிளை அளவோடு முறுக்கி, அடியில் படுத்தபடி சக்கரத்தைச் சுழற்றிவிட்டுப் பழக்கதோஷத்தில் குரல் கொடுத்தார்.

"மாப்ள, பிரேக்க மிதி."

சக்கரம் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.