இதயம் ஒன்று, மண்ணீரல் ஒன்று, நெஞ்சு இரண்டு

குழந்தை மருத்துவத்தில் மூன்று வருடம் பயிற்சி எடுத்தவனைக் கடைசியில் சோதிப்பது ஒரு குழந்தைதான். அரை மணி நேரம் கொடுப்பார்கள். முன்பின் தெரியாத பிள்ளையைத் தொட்டும் தட்டியும் பார்த்து, என்ன கோளாறு என்று தேர்வாளரிடம் சொல்ல வேண்டும். அந்தப் பிள்ளைகள் எங்கிருந்து வருகிறார்கள் என்று எங்களில் யாரும் யோசித்ததில்லை. எங்கள் துறையின் கிளார்க் அக்காதான் போன் போட்டு வரவழைப்பார்.

இருபத்திரண்டு வருடமாக அவருக்கு இதே வேலை. தேர்வுக்கு ஒரு வாரம் முன்னால், எந்தெந்தக் கோளாறுள்ள பிள்ளைகள் வேண்டும் என்று துறைத் தலைவரான பெரிய டாக்டரிடமிருந்து சீட்டு வரும்: இதயம் ஒன்று, மண்ணீரல் ஒன்று, நெஞ்சு இரண்டு. அக்கா அட்டை கிழிந்த நோட்டைப் பிரித்துவைத்துக்கொண்டு, "ஒரு காலைதாம்மா, கொஞ்சம் பாப்பாவக் கூட்டிட்டு வந்துருங்க" என்று ஒவ்வொரு வீடாகக் கெஞ்சுவார். பாதிப் பேர் மசிய மாட்டார்கள். வரிசையாக ஆள் மாற்றி ஆள் வயிற்றை அமுக்குவதற்கு யார்தான் பிள்ளையை அனுப்புவார்கள்? அக்காவுக்கு எல்லாம் அலுத்துப் போயிருந்தது. ஓய்வு பெற இன்னும் மூன்று வருடம் பாக்கி.

ஒரே போனில் சரி என்றவள் இதயத்தின் அம்மா மட்டும்தான். வால்வு சரியாக மூடாத ஒன்பது வயதுப் பெண் அவளுடைய மகள். அறுவை சிகிச்சைக்குப் பெயர் கொடுத்து நான்கு வருடம் ஆகியும் தேதி வரவில்லை. தேர்வுக்கு வந்து போனால் தேதி சீக்கிரம் கிடைக்கும் என்று அவளாகவே நினைத்துக்கொண்டாள். அக்கா அப்படிச் சொன்னதில்லை. இல்லை என்றும் சொன்னதில்லை. சொல்லிவிட்டு இதயத்துக்கு எங்கே போவது? பின்னொரு நாள் இதை என்னிடம் சொன்னபோது அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை.

இரண்டு முறை கோட்டை விட்டுவிட்டு மூன்றாம் முறையாக அந்த வருடத் தேர்வுக்கு நான் போயிருந்தேன். இதிலும் தவறினால் பயிற்சியை முதலிலிருந்து தொடங்க வேண்டும். எனக்கு வாய்த்தது இதயம்.

நான் வாய் திறப்பதற்குள் அந்தப் பெண் இடது பக்கமாகத் திரும்பிப் படுத்தாள். ஸ்டெதஸ்கோப்பை எங்கே வைக்க வேண்டும் என்று என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். "எதுவும் சொல்லக் கூடாதுன்னு அக்கா சொல்லியிருக்காங்க" என்றாள். வலது விலா எலும்புக்குக் கீழே விரலை வைத்தேன். முகத்தைச் சுளித்தாள். வீங்கியிருந்த கணுக்காலை அமுக்கினேன், குழி விழுந்து அப்படியே நின்றது.

தேர்வாளர் கையில் விடைத்தாள் இருந்தது. அன்று காலை மூத்த மருத்துவர் ஒருவர் குழந்தையைப் பார்த்துவிட்டு அதை எழுத வேண்டும் என்பது விதி. எங்கள் பெரிய டாக்டர், "பழசையே போடுங்கம்மா, இதயம் எங்க ஓடிப்போகப் போகுது?" என்பார். அக்காவும் தேதியை மட்டும் மாற்றிப் படியெடுத்துவிடுவார். ஆனால் அன்று காலை அந்தப் பெண் மாடிப்படியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்ததை அக்கா பார்த்திருந்தார்.

"கல்லீரல்?" என்றார் தேர்வாளர்.

"ரெண்டு விரல் பெருசா இருக்கு சார்."

"நல்லாப் பாத்தீங்களா?"

போன இரண்டு முறையும் என்னைக் கவிழ்த்த கேள்வி அது. சந்தேகமாக இருக்கிறது என்று சொல்லித் தப்பிக்கலாமா என்று நாக்கு துடித்தது. "பாத்தேன் சார்" என்றேன். கல்லீரல் சரியாக இருக்கிறது என்றுதான் விடைத்தாளில் இருந்தது. அவர் சிவப்புப் பேனாவை எடுத்தார்.

நேரம் முடிந்ததும் மணி அடிப்பதற்காக அக்கா வாசலில் உட்கார்ந்திருந்தார். தேர்வு அறையில் அவர் வாய் திறந்து நான் கேட்டதே இல்லை.

"சார், அது போன வருஷத்துத் தாள். தேதிய மட்டும் மாத்தி நான்தான் எழுதினேன். காலைல பாப்பாவ யாரும் பாக்கல."

தேர்வாளர் எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்து, தானே வயிற்றை அமுக்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு தாளில் இருந்ததை அடித்தார்.

நான் தேறிவிட்டேன். சந்தோஷப்படத் தெம்பில்லை. அந்தப் பெண்ணை மத்தியானமே வார்டில் சேர்த்தார்கள். பெரிய டாக்டர் மொத்தத்தையும் அக்கா தலையில் கட்டினார். விளக்கம் கேட்டு அக்காவுக்குக் கடிதம் வந்தது. நிலைமை மோசமாகிவிட்டதால் பத்தே நாளில் அறுவை சிகிச்சைக்குத் தேதியும் வந்தது.

அன்று நான் வார்டில் இருந்தேன். அக்கா கட்டில் பக்கம் வந்ததும் அந்த அம்மா எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்படியோ தேதி வாங்கிக் குடுத்துட்டீங்கக்கா."

"நான் எதுவும் வாங்கிக் குடுக்கலம்மா" என்றார் அக்கா. "தேர்வுக்கும் தேதிக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. நீ அப்படி நெனச்சிட்டிருந்தது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சும்மா இருந்தேன்."

அவள் கையை விடவில்லை. மகளின் போர்வையைச் சரிசெய்துவிட்டுச் சொன்னாள்:

"அது எனக்கும் ரெண்டு வருஷமாவே தெரியும்க்கா. ஆனா நாலு வருஷத்துல இந்த ஆஸ்பத்திரிலேர்ந்து எங்களுக்குப் போன் பண்ணது நீங்க ஒருத்தர்தான்."