கடதாசிப் பிரிவு

டிசம்பர் பிறந்தால் வேலைக்குப் போகும் எங்கள் வான் வண்டியில் வரிக்கதை தொடங்கிவிடும். ஸ்காபரோவிலிருந்து பிறம்ரனில் உள்ள வெயர்ஹவுஸுக்கு ஏழு பேர் ஒரே வானில் போய்வருவோம். கோடை முழுக்க வீட்டு விலை பேசியவர்கள், பனி விழத் தொடங்கியதும் வருமான வரியில் எதைக் கழிக்கலாம் என்று பேசுவார்கள். பல்லைக் கட்டுவதென்றால் முப்பத்தோராம் திகதிக்கு முன் கட்டிவிட வேண்டும், பற்றுச்சீட்டை இந்த வருடத்துக் கணக்கில் போடலாம் என்பார் ஒருவர். கோயிலுக்குக் கொடுத்த காசுக்குச் சீட்டு வாங்கினாயா என்று இன்னொருவர் கேட்பார். ஓய்வூதியக் கணக்கில் போட்டால் எவ்வளவு திரும்பி வரும் என்று வானை ஓட்டுபவர் ஸ்டியரிங்கில் விரலால் எழுதிக் காட்டுவார். முன்னால் போகும் லொறியைப் பார்த்து ஓட்டு என்று பின்னாலிருந்து யாராவது கத்துவார்கள்.

எனக்குக் கழிக்க எதுவும் இல்லை. மனைவி, பிள்ளை, வீடு ஒன்றும் கிடையாது. கடைசி இருக்கையில் இருந்து கேட்டுக்கொண்டு வருவேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கட்டாரில் கட்டடங்களுக்குச் சாரம் கட்டினேன், மலேசியாவில் கோப்பை கழுவினேன், பிறகு பெயர் தெரியாத எல்லைகளை நடந்தும் லொறியிலும் கடந்து இங்கே வந்து சேர்ந்தேன். அகதி என்று ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். நிரந்தர வதிவிடத்துக்குப் போட்ட விண்ணப்பம் எங்கேயோ ஒரு மேசையில் கிடந்தது. என் பெயரில் ஒரு கீறல் விழுந்தாலும் அந்த மேசையில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும் என்ற பயம் எனக்கு. கார் இல்லாதபடியால் வேகத்துக்குத் தண்டம் கட்டும் ஆபத்துக்கூட இல்லை. பஸ்ஸில் ஏறினால் ஒழுங்காகக் காசு செலுத்திவிட்டுத்தான் உட்காருவேன்.

என் பக்கத்து இருக்கையில் வருபவர் என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். அண்ணை என்று கூப்பிடுவேன். அந்த வேலையை எனக்கு எடுத்துத் தந்தவர் அவர்தான். என் முதல் குளிர்காலத்தில் தன்னுடைய பழைய ஜக்கெற் ஒன்றையும் தந்தார். மனைவி முதியோர் இல்லத்தில் வேலை செய்தா. இரண்டு பிள்ளைகள். மதியச் சாப்பாடு எப்போதும் வீட்டிலிருந்து வரும். புட்டும் கறியும் சம்பலும் தனித்தனிப் பெட்டிகளில் இருக்கும். அந்த டிசம்பரில் அவர் திடீரென்று கடைக் கடதாசிப் பையில் மட்டன் ரோல்ஸ் கொண்டுவரத் தொடங்கினார். ஏதோ இருக்கிறது என்று அப்போதே நினைத்தேன்.

ஒரு நாள் சாப்பாட்டு இடைவேளையில், ரோல்ஸில் ஒன்றை என் பக்கம் தள்ளிவிட்டுக் கேட்டார்.

"தம்பி, உன்ர விலாசத்தை எனக்கு ஒருக்காத் தரவேணும்."

"எதுக்கண்ணை?"

"ரக்ஸுக்கு, வரிக் கணக்குக்கு. நானும் மனிசியும் பிரிஞ்சிட்டம் எண்டு காட்டப்போறம். ரெண்டு பேற்ற சம்பளத்தையும் சேர்த்துப் பார்த்து, பிள்ளையளுக்கு அரசாங்கம் தாற காசைக் குறைச்சுப்போடுறாங்கள். பிரிச்சுக் காட்டினால் கூடுதலா வரும். வருசம் முடியிறதுக்குள்ள செய்ய வேணும். பேப்பரில மட்டும்தான்."

சின்ன உதவி என்று கேட்டுத் தொடங்கிய மனிதர்களை நான் ஒவ்வொரு நாட்டிலும் சந்தித்திருக்கிறேன். ஒருவன் என் கடவுச்சீட்டை ஒரு கிழமைக்குத் தா என்று வாங்கி, பதினொரு மாதம் வைத்திருந்தான். மாட்டேன் என்ற சொல் வாய்வரை வந்தது. ஆனால் நான் போட்டிருந்தது அவருடைய ஜக்கெற். கடிதம் மட்டும் வரட்டும், வேறு ஒன்றும் வேண்டாம் என்றேன். அதற்கென்ன என்றார்.

அந்தச் சனிக்கிழமை அவர் பெரிய பெட்டியோடு என் பேஸ்மன்ற் அறை வாசலில் நின்றார்.

யாராவது பார்க்க வந்தால் தன்னுடைய சாமான்கள் அங்கே இருக்க வேண்டும் என்று காரணம் சொன்னார். பார்க்க வருகிறவர்கள் கட்டிலையும் பார்ப்பார்கள், ஆகவே தானும் சில நாள் தங்க வேண்டும் என்றார். வாடகையில் பாதி தருவதாகச் சொல்லி அங்கேயே எடுத்து மேசையில் வைத்தார். மேலே குடியிருக்கும் வீட்டுக்காரரிடம் தானே போய், வரி விசயமாக வந்திருக்கிறேன் என்று சிரித்துக்கொண்டு சொல்லிவிட்டும் வந்தார். வீட்டுக்காரரும் சிரித்திருக்கிறார். வரியைச் சுற்றுகிற ஆளைக் கண்டால் எங்கள் ஆட்களுக்கு வருவது கோபமில்லை. என்ன வழி என்று அறியும் ஆசைதான் வரும்.

அவர் குளிக்கப் போன நேரம் பெட்டியைத் திறந்து பார்த்தேன். அறையைப் பங்கிடுகிறவனின் பெட்டியைப் பார்ப்பது எனக்கு மலேசியாவில் படிந்த பழக்கம். காட்டுவதற்காகக் கொண்டுவருகிறவர் பழசுகளைத்தான் கொண்டுவருவார் என்று எதிர்பார்த்தேன். உள்ளே இருந்தவை எல்லாம் நல்ல உடுப்புகள். பிரஷர் மாத்திரைகள், கண்ணாடிக் கூடு, இடுப்பில் உடுக்கும் சாரம் இருந்தன. அடியில் கோடைக்குப் போடும் அரைக்கைச் சட்டைகள் மடித்து அடுக்கப்பட்டிருந்தன. வெளியே பனி முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது. சில நாள் நாடகத்துக்கு அரைக்கைச் சட்டை எதற்கு? இந்த மனிதர் என் அறையைப் பிடிக்கப் போகிறார் என்று முடிவு செய்தேன். வதிவிடப் பேப்பர் வராதவனை மெல்ல வெளியே தள்ளுவது சுலபம்.

அவர் வானில் எல்லோருக்கும் கதையைச் சொல்லியிருந்தார். தினமும் பகிடி நடந்தது. புது மாப்பிள்ளை, இரவில் மனிசியைக் களவாகப் போய்ப் பார்க்கிறீரோ என்று கேட்பார்கள். அவர் உடம்பு குலுங்கச் சிரிப்பார். இவ்வளவு பேருக்குச் சொல்லிக்கொண்டு யாராவது களவு செய்வார்களா என்று எனக்கு எரிச்சல் வந்தது. ஒருவன் தொலைபேசியை எடுத்து அரசாங்கத்துக்குச் சொன்னால் முதலில் தட்டுவது என் கதவைத்தான்.

வெயர்ஹவுஸ் கிறிஸ்மஸுக்கு மூடியதும் அஜின்கோர்ட்டில் வரிக்கணக்கு எழுதும் ஒருவரிடம் போனேன். சேலைக் கடைக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் நடுவில் அவருடைய அறை. பிளாஸ்டிக் கிறிஸ்மஸ் மரத்தைப் பிள்ளையார் படத்துக்குக் கீழே நட்டு விளக்குப் போட்டிருந்தார். என் சிநேகிதன் ஒருவனுக்கு ஒரு பிரச்சினை என்று தொடங்கினேன்.

"எல்லாரும் சிநேகிதன்ர பிரச்சினையைத்தான் இஞ்ச கொண்டு வருவினம். சொல்லுங்கோ, உங்கட சிநேகிதனுக்கு என்ன?"

சொன்னேன். அவர் சிரிப்பை நிறுத்தினார். மூன்று மாதம் தொடர்ந்து பிரிந்திருந்தால், வீட்டைவிட்டுப் போன நாளிலிருந்தே பிரிவு என்று எடுப்பார்கள். அதனால்தான் வருடம் முடிவதற்குள் வீடு மாற ஆட்கள் ஓடுகிறார்கள் என்று விளக்கினார். சந்தேகம் வந்தால் கடிதம் போட்டுக் கேட்பார்கள். எங்கே இருந்தாய், யாரோடு இருந்தாய் என்று இன்னொருவர் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும்.

"உண்மையாக் குடும்பம் உடைஞ்சிருக்க வேணும். கட்டில் மாறினால் காணாது. பொய்க்குக் கையெழுத்து வைக்கிறவனும் மாட்டுவான். உங்கட சிநேகிதனுக்குச் சொல்லிவிடுங்கோ."

அந்தக் கையெழுத்து என்னுடையதாகத்தான் இருக்கும் என்று எனக்கு விளங்கிவிட்டது. இதற்காகத்தான் என்னைப் பிடித்திருக்கிறார். அறை மட்டும் போதவில்லை.

கிறிஸ்மஸ் அன்று அவர் சவரம் செய்து நல்ல உடுப்புப் போட்டார். வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளோடு சாப்பிட்டுவிட்டு வருவதாகச் சொல்லிப் பின்னேரம் புறப்பட்டார். கொஞ்ச நேரத்தில் நானும் வெளியே போனேன். பஸ் ஜன்னலால் பார்த்தபோது பெற்றோல் நிலையத்தோடு சேர்ந்த கோப்பிக் கடையில் அவர் இருந்தார். மேசையில் ஒரு கோப்பி. பக்கத்தில் இரண்டு பரிசுப் பொதிகள். யாருக்கோ காத்திருக்கிறார் என்று நினைத்தேன். ஒரு பெண்ணாக இருக்கலாம், அல்லது என்னைப்போல இன்னொரு விலாசக்காரனாக இருக்கலாம். இரவு திரும்பி வந்து, வயிறு முட்டச் சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டுப் படுத்தார். பொதிகள் கையில் இல்லை.

வருடம் முடிவதற்குள் என் விலாசத்தை அவருடைய கடதாசிகளிலிருந்து எடுக்க வேண்டும் என்று தீர்மானித்தேன். அவரோடு கதைத்துப் பயனில்லை, சிரித்தே மழுப்பிவிடுவார். முன்பு ஒருமுறை, மனைவி வேலைக்குப் போயிருந்த நாளில், சாப்பிடக் கூப்பிட்டிருந்ததால் அவருடைய அப்பார்ட்மென்ற் எனக்குத் தெரியும். மனைவியிடமே போனேன்.

கதவு சங்கிலி அளவுக்குத் திறந்தது. நான் அண்ணையோடு வேலை செய்பவன், அவர் இப்போது என் அறையில்தான் இருக்கிறார் என்றேன்.

"ஏன், அவருக்கு ஏதும் வருத்தமோ?"

"இல்லை அக்கா. உங்கட ரக்ஸ் அலுவலுக்கு என்ர விலாசம் வேண்டாம். எனக்கு இன்னும் பேப்பர் வரேல்லை. வேற ஆரையும் பாருங்கோ."

"என்ன ரக்ஸ் அலுவல்?"

கதவைச் சாத்திச் சங்கிலியைக் கழற்றித் திறந்தா. நடைபாதையிலேயே நின்று முழுவதையும் சொன்னேன். உள்ளே பிள்ளைகள் ஏதோ விளையாட்டில் கத்திக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் சிரிக்கவுமில்லை, கோபப்படவுமில்லை.

"அப்பிடியே சொல்லிக்கொண்டு திரியிறார்?"

"வானில எல்லாருக்கும் தெரியும் அக்கா."

"நான் அவரைப் போகச் சொன்னனான் தம்பி. கார்த்திகையில சொன்னது, டிசம்பரிலதான் போனவர். இனி இஞ்ச வரமாட்டார், நான் விடவும் மாட்டன். ரக்ஸுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை."

ஏன் என்று நான் கேட்கவில்லை. அந்தப் பெண்ணும் சொல்லவில்லை. கதவை மூடப் போய், நின்று, இன்னொன்று சொன்னா.

"அவருக்கு ரக்ஸ் எண்டு சொல்லுறது சுகமெண்டால், அப்பிடியே சொல்லட்டும்."

பஸ்ஸில் திரும்பும்போதும் என் புத்தி என்னை விடவில்லை. இருவரும் சேர்ந்து நடிக்கிறார்களோ? நான் எங்கேயாவது போய்ச் சொல்லிவிடுவேன் என்று பயந்து இப்படிச் சொல்கிறாவோ? ஆனால் கதவில் பூட்டு புதிதாக மின்னியது. வாசல் தட்டில் ஆண்களின் சப்பாத்து ஒன்றுகூட இல்லை. இதையெல்லாம் சோடிக்கலாம்தான். அரைக்கைச் சட்டைகளைச் சோடிக்க முடியாது. நான் திறந்து பார்ப்பேன் என்று அவருக்குத் தெரியாது. அந்தக் கோப்பிக் கடையில் அவரை யாரும் பார்க்கவில்லை என்றுதான் நினைத்திருப்பார்.

அவர் அரசாங்கத்துக்கு எழுதப் போவது உண்மையைத்தான். பொய் எங்களுக்கு மட்டும்தான். மனைவி வெளியே அனுப்பிய மனிதராக அந்த வானில் ஏறுவதைவிட, வரியைக் களவெடுக்கும் மனிதராக ஏறுவது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. நான் அவருடைய இடத்தில் இருந்தாலும் அப்படித்தான் ஏறியிருப்பேன்.

அறைக்குள் போனபோது சோறு வடித்துவிட்டு, பருப்புச் சட்டியைக் கிளறிக்கொண்டு நின்றார்.

"எங்க போட்டு வாறாய்?"

"கடைக்கு அண்ணை."

"வெறுங்கையோட வாறாய்?"

"கடை பூட்டு."

என்னை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். இப்போது சந்தேகப்படுவது அவருடைய முறை. பிறகு சட்டிப் பக்கம் திரும்பி, புது வருடத்துக்கு வீட்டுக்குப் போகவேண்டும், பிள்ளைகள் காத்துக்கொண்டிருக்கும் என்றார். அந்தக் கோப்பிக் கடையும் ஒற்றைக் கோப்பியும் என் கண்ணுக்குள் வந்தன.

"போகாதேங்கோ அண்ணை. இப்ப ரக்ஸ்காரர் ஆக்களை விட்டுப் பார்க்கினமாம். அங்க போய் நிண்டு பிடிபட்டால் என்ர பேப்பரும் போயிடும். கொஞ்ச நாளைக்கு இஞ்சையே நில்லுங்கோ."

அடுப்பைக் குறைத்துவிட்டுத் திரும்பினார்.

"அப்பிடியே சொல்லுறாய்?"

"ஓம். விசயம் தெரிஞ்ச ஒராள்தான் சொன்னவர்."

"அதுவும் சரிதான். உனக்குக் கரைச்சல் வரப்படாது," என்றார். பிறகு, மிளகாய் எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டார்.

ஜனவரியில் வானில் பகிடி திரும்பவும் தொடங்கியது. ஓட்டுபவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, உள்ளதைச் சொல்லு, இவர் சனி ஞாயிறில் எங்கே படுக்கிறார் என்று கேட்டார். அண்ணை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவோடு வீட்டில்தான், வேறெங்கே என்றேன். வான் முழுக்கச் சிரித்தது. அவர்களில் ஒருவன் தொலைபேசியை எடுத்தால் என் விண்ணப்பம் என்ன ஆகும் என்ற பயம் அப்போதும் எனக்கு இருந்தது. இன்றும் முழுதாகப் போய்விடவில்லை.

ஏப்ரலில் அண்ணை வரிக்கணக்குப் போட்டுச் சில கிழமைகளில், அந்தக் கணக்காளர் சொன்னபடியே கடிதம் வந்தது. இன்னொருவரின் கையெழுத்து வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அண்ணை கடதாசியை என் முன்னால் வைத்துவிட்டு, விருப்பமில்லாவிட்டால் விட்டுவிடு என்றார். அவர் வந்து சேர்ந்த நாளை எழுதினேன். இந்த அறையில் என்னோடு தொடர்ந்து இருக்கிறார் என்று எழுதினேன். என்னுடைய ஆங்கிலத்தில் அதற்கு நாலு வரி போதுமாக இருந்தது. கையெழுத்து வைப்பதற்கு முன் அந்த நாலு வரியையும் நான் திரும்பத் திரும்ப வாசித்ததை அவர் கண்டுவிட்டார்.

"பயப்படாத. சும்மா பேப்பருக்குத்தானே."

"ஓம் அண்ணை, பேப்பருக்குத்தானே."

கடதாசியை மடித்து உறைக்குள் வைத்தார். வெளியே நல்ல வெயில் அடித்தது. பெட்டியைத் திறந்து அரைக்கைச் சட்டை ஒன்றை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டு, தபால்பெட்டி வரைக்கும் போய்வருகிறேன், நீயும் வருகிறாயா என்று கேட்டார். போனேன்.