இரண்டு செடி ஒட்டிய தாள்

அக்கா செத்தபோது நான் அழவில்லை. காக்ஸ் டவுனில் எங்கள் மாதா கோயில் ஜனம் இதைக் கவனித்துவிட்டது. "கல்லுளிமங்கி" என்று ஒருத்தி என் காதுபடவே சொன்னாள். சொல்லிவிட்டுப் போகட்டும். அடக்கம் முடிந்த மறுநாளே வேலைக்குப் போனேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது நினைவிருக்கிறது, வேறெதுவும் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட வாய் மாதிரி இருந்தது எனக்கு. தொட்டால் தெரியும், வலிக்காது.

என் பிழைப்பே செத்த செடிகளோடுதான். காட்டிலிருந்து கொண்டுவந்து, அழுத்திக் காயவைத்து, கெட்டித் தாளில் ஒட்டிய செடிகள் எங்கள் ஹெர்பேரியத்தில் அலமாரி அலமாரியாக இருக்கின்றன. அப்போது என் மேஜையில் இருந்தது மலைக்காட்டுக் காசித்தும்பை ஒன்று. நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரர் அதற்குப் பெயர் வைத்தார். எந்தத் தாளைப் பார்த்து வைத்தார் என்று சொல்லாமல், ஐந்தாறு தாள்களை விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தார். இப்போது பார்த்தால் அவற்றில் இரண்டு இனங்கள் இருக்கின்றன. பெயரோ ஒன்றுதான். யாராவது ஒரே ஒரு தாளை எடுத்து "இதுதான்" என்று அச்சில் போட வேண்டும். அதன் பிறகு அந்தப் பெயர் அந்தத் தாளுக்குத்தான் சொந்தம். வகைமாதிரி என்பார்கள். மாதிரி என்றதும் லட்சணமான செடி என்று நினைக்க வேண்டாம். பூச்சி அரித்திருந்தாலும் பரவாயில்லை. அவர் கண்ணால் பார்த்ததாக, அவர் எழுதிய வர்ணனைக்குப் பொருந்துவதாக இருந்தால் போதும்.

அந்த வாரத்தில்தான் அக்கா வீட்டுக்காரர், மாமா, ஒரு பை நிறைய போட்டோவோடு வந்து நின்றார். கல்லறைத் திருநாளுக்குள் கல் வைக்க வேண்டும். கல்லில் பதிக்கும் பீங்கான் படத்துக்கு ஒரு போட்டோ வேண்டும்.

"நீதான் ஆபீஸ்ல எந்நேரமும் இதே வேலையா எடுத்து எடுத்து வைக்கிறே. நீயே ஒண்ணு பாத்துக் குடும்மா. எனக்குப் பையில கையே போகல" என்றார்.

இனி அந்தக் கல்லைப் பார்ப்பவர்களுக்கு அந்தப் படம்தான் அக்கா. தப்பாக எடுத்தால் திருத்தவும் முடியாது. இது தெரிந்தும் எனக்குப் பதற்றம் வரவில்லை என்பதுதான் பயமாக இருந்தது.

போட்டோக்களை மேஜையில் பரப்பினேன். கல்யாணப் படத்தில் பவுடர் இருந்தது, அக்கா இல்லை. பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற நாள் படத்தில் மாலைக்கு மேலே ஒரு மூக்கு. பாஸ்போர்ட் படத்தில் போலீஸைப் பார்த்த முழி. ஒன்றே ஒன்றில்தான் அவள் இருந்தாள். லால்பாக்கில் நானும் அவளும் நிற்கிறோம். கசங்கிய புடவை, வெயிலுக்குச் சுருங்கிய கண், வாயில் பாதி சிரிப்பு, பாதி வசவு. இதுதான் என்று தனியே எடுத்து வைத்தேன். அப்போதும் ஒன்றும் தோன்றவில்லை.

ஸ்டூடியோவுக்குப் போக வேண்டிய நாளில் வேலையில் ஒரு கூத்து. தாள்களிலேயே அழகானது ஒன்று இருந்தது. பூ, இலை, தண்டு எல்லாம் உள்ளது. புத்தகங்களில் வரைந்ததெல்லாம் அதைப் பார்த்துத்தான். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். பூக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் பசை திரண்டிருந்தது. பூ ஒரு செடி, இலை வேறு செடி. உதிர்ந்த பூவுக்குப் பதிலாக எவரோ இன்னொன்றை ஒட்டி லட்சணப்படுத்தியிருக்கிறார்கள். இத்தனை வருஷமும் எல்லோரும் அதை நம்பியிருக்கிறோம். அதில் ஒரு பாகத்தை மட்டும் மாதிரியாகக் கொள்ள விதியில் இடம் உண்டு. எனக்கு மனம் வரவில்லை. பாதிப் பூவும் ஓட்டை இலையுமாக இருந்த இன்னொரு தாளில் வர்ணனையில் சொன்ன அதே வளைந்த வால் பூவுக்கு இருந்தது. அதையே எடுத்தேன்.

சாயங்காலம் ஸ்டூடியோக்காரர் லால்பாக் படத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். பையில் கிடந்த கல்யாணப் படத்தையும் கேட்டு வாங்கினார்.

"கண்ணு சுருங்கியிருக்கு மேடம். மூஞ்சிய இதுலேருந்து எடுத்துக்கலாம். பட்டுப்புடவை என்கிட்டயே ரெடியா இருக்கு. எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க. ஒட்டினதே தெரியாது."

சொல்லிக்கொண்டே கம்ப்யூட்டரில் செய்தும் காட்டினார். எவளுடைய உடம்பிலோ அக்காவின் பவுடர் முகம்.

"யாருக்குத் தெரியாது?" என்று கத்தினேன். "எனக்குத் தெரியும்! அது எங்க அக்கா இல்ல. எடுங்க அதை, எடுங்க!"

ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா செத்ததற்கு வராத ஆத்திரம் ஒரு பட்டுப்புடவைக்கு வந்தது. வந்ததே என்று இருந்தது.

"ஆய்த்து மேடம், விடுங்க. உள்ளதையே போட்டுடறேன்" என்று லால்பாக் படத்துக்குத் திரும்பினார். என்னை வெட்டி எறிந்துவிட்டு அக்காவின் முகத்தைப் பெரிதாக்கினார். அவள் தோளில் நான்கு விரல்கள் மட்டும் மிச்சம் நின்றன.

"இந்தக் கையை அழிச்சிடட்டுமா மேடம்?"

தாளில் இன்னொரு செடியின் துணுக்கு இருந்தால், அது சேராது என்று எழுதி விலக்குவது எங்கள் வழக்கம். நானே எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன்.

"என்னுது அது. இருக்கட்டும்" என்றேன். "போட்டோன்னா ஓடிடுவா. நான்தான் பிடிச்சு…"

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டார். அங்கே உட்கார்ந்துதான் அழுதேன்.

கல்லறைத் திருநாளன்று மாமா கல்லைத் துடைத்து, சாமந்தி வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றினார். படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"குழம்புல உப்பு ஜாஸ்தின்னு சொன்னா இப்படித்தான் பார்ப்பா" என்றார். கை யாருடையது என்று கேட்கவில்லை.

மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் என் விரல்கள் அவள் தோளை அழுத்திப் பிடித்திருந்தன. அவள் அப்போதும் நழுவத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.