கவர்னரை ஆற்றங்கரையில் விட்டுப் போனவர்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குத் தொலைபேசி அடித்தது. அந்த நேரத்தில் என்னை எழுப்பத் துணிபவர் லண்டனில் ஒருவர்தான். ஆகவே யாரென்று கேளாமலே, "சொல்லுங்கோ அண்ணை, இண்டைக்குக் கவர்னர் எங்க நிக்கிறார்?" என்றேன். மறுமுனையில் அவர் மனைவி மனோ அக்கா.

"தம்பி, உங்கட அண்ணை விடியப் போயிட்டார்."

பகிடிக்காரனுக்கு இதைவிடத் தண்டனை வேண்டியதில்லை.

சோமசேகரம் அண்ணையை அறிந்த உங்களுக்குக் கவர்னரையும் தெரியும். யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், கிளாக்கராக இருந்த அண்ணை, எண்பதுகளில் இங்கு வந்து, தெற்கு லண்டனில் மிச்சம் என்ற இடத்துப் பெற்றோல் நிலையமொன்றில் வேலை செய்தார். ஷிப்ட் இல்லாத நாட்களில் நூலகத்தில் இருந்து, அமெரிக்க மாநிலமொன்றின் ஆரம்பகாலக் கவர்னர் ஒருவரின் வரலாற்றைத் தமிழில் எழுதினார். 'இருந்து' என்பது பிழை. அண்ணை எங்கே இருந்தார்? பஸ்ஸில் இடம் கிடந்தாலும் நிற்பார். எங்கள் வீட்டில் குறுக்கும் நெடுக்கும் நடந்தபடியே கவர்னரைத் தேர்தலில் வெல்ல வைப்பார். தேநீர் ஆறிப்போகும். கார்ப்பெட் தேய்கிறதென்று என் மனைவி முணுமுணுப்பாள்.

"எழுத எங்கட ஊரில ஆக்கள் இல்லையோ அண்ணை?" என்று கேட்டேன்.

"எங்கட ஆக்களைப் பற்றி எழுதினா, அவையின்ர சொந்தக்காரர் மிச்சத்தில இருப்பினம், சண்டைக்கு வருவினம்!"

தலைநகரை எதிரிப்படை நெருங்கிய இடத்தில் புத்தகம் இரண்டு வருடம் நின்றுபோனது. கவர்னர் அரச பத்திரங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு வெளியேறினார். ஆனால் அண்ணையின் பேனா அதை ஒத்துக்கொள்ளவில்லை. 'சபையின் ஆலோசனைப்படி இடம் மாறினார்' என்று லண்டன் ரெய்னர்ஸ் லேனில் எங்கட ஆட்கள் கூடிய இலக்கியக் கூட்டத்தில் வாசித்தார். எனக்கு வாய் சும்மா கிடக்குமா?

"அண்ணை, உங்கட ஆள் ஓடினவர்தானே?"

ஒருவரும் சிரிக்கவில்லை. அந்த மண்டபத்தில் யுத்தத்துக்குப் பயந்து ஊரை விட்டு ஓடிவராதவர் யார்? அண்ணை கண்ணாடியைக் கழற்றினார்.

"ஓம், ஓடினவர்தான். நானும் ஓடினனான். நீ மட்டும் என்ன, ஆறுதலா நடந்தே வந்தனி?"

மண்டபம் அதிர்ந்தது. இன்றுவரை என் பகிடி எதற்கும் அப்படியொரு சிரிப்புக் கிடைத்ததில்லை.

மறுநாள் ஏழு மணிக்கு அழைத்தார். "மாத்திப்போட்டன் தம்பி. ஓடினவர் எண்டு எழுதினாப் பிறகுதான் மனுசன் உயிரோட நடக்கிறார்." அதன்பின் கவர்னர் பண்ணை வீடுகளில் இருந்து ஆட்சி செய்தார். அத்தியாயங்கள் ஓடின. எதிரிப்படை போனது. கவர்னர் ஊர் திரும்ப ஆற்றங்கரைக்கு வந்து படகுக்காகக் காத்து நின்றார்.

நாலு மாதமாக நின்றார். "ஏத்தி விடுங்கோவன் அண்ணை," என்றேன்.

"அவர் திரும்பிப் போயிட்டா, நான் இஞ்ச தனிய என்ன செய்யிறது?"



செத்தவீடு முடிந்ததும் மனோ அக்கா ஒரு கடைப்பையில் கையெழுத்துப் பிரதியைத் தந்தார். "நீங்கள்தான் முடிக்கவேணும்." ஊர்க்கதை மட்டும் எழுதத் தெரிந்த என்னிடம் போய்!

இப்போது யாரும் அழைக்காமலே ஏழு மணிக்கு எழும்புகிறேன். 'படகு வந்தது' என்று ஒரு வரி எழுதினால் போதும். கதிரையில் இருக்க முடியவில்லை. குறுக்கும் நெடுக்கும் நடக்கிறேன். கார்ப்பெட்டைப் பற்றி மனைவி ஒன்றும் சொல்வதில்லை.