தொப்பிக்குள் ஈரம்

மணிமேகலை அக்காவுக்கு ஆட்களின் முகத்தைவிடப் பாதம்தான் நன்றாக நினைவிருக்கும். தருமபுரியில் நாற்பது கட்டில்கள் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையின் ஆபரேஷன் தியேட்டரில் பத்தொன்பது வருடமாக உதவியாளர். காலையில் வந்ததும் சூட்டு அலமாரியில் போர்வைகளையும் துண்டுகளையும் சலைன் பாட்டில்களையும் அடுக்குவார். நோயாளியை மேசையில் படுக்க வைத்ததும் கால்களைப் பஞ்சு வைத்துச் சுற்றுவார், சூடான காற்று ஊதும் மெஷினின் குழாயைப் போர்வைக்குள் மாட்டுவார்.

மயக்க மருந்து ஏறிய பிறகு உடம்பு தன் சூட்டைக் காத்துக்கொள்ளாது. குளிரூட்டிய அறையில் வயிற்றைத் திறந்தபடி மூன்று மணி நேரம் கிடந்தால் சூடு இறங்கிக்கொண்டே போகும். ரத்தம் உறைவது தாமதமாகும், புண் ஆற நாளாகும். சூடு இறங்காமல் பார்த்துக்கொள்வதுதான் அக்காவின் வேலை.

இத்தனை பேரைத் தொட்டிருந்தும் ஊரில் யாருக்கும் அவரைத் தெரியாது. முகத்தில் கவசம், தலையில் தொப்பி. போதாததற்கு, மயக்கத்துக்கு முன் போடும் ஊசி அதற்குப் பின் நடப்பதையும் கண் விழித்ததும் பேசுவதையும் நோயாளியின் நினைவிலிருந்தே எடுத்துவிடும். ஒருமுறை பாலக்கோடு பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்த பெண்ணின் கணுக்கால் தழும்பை அக்கா அடையாளம் கண்டு சிரித்தார். அந்தப் பெண் தன் பையை மடிக்கு இழுத்து வைத்துக்கொண்டாள்.

பென்னாகரம் சாலையில் மாடியில் ஒற்றை அறை. கணவர் போய்ப் பதினோரு வருடம் ஆகிறது, குழந்தைகள் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பேச ஆளிருக்காது. திங்கட்கிழமை முதல் வார்த்தைக்குத் தொண்டையைச் செருமிக்கொள்ள வேண்டியிருக்கும்.

அந்த முதல் வார்த்தை பெரும்பாலும் ஒரே கேள்விதான். "தலைக்கு ஊத்திக்கிட்டீங்களா?"

கோயிலுக்குக் கிளம்புவதுபோல ஆபரேஷனுக்கும் தலைக்குக் குளித்துவிட்டு வருகிறவர்கள் இங்கே அதிகம். ஈர முடி உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும் என்பதால் அக்கா கேள்வியோடு விடமாட்டார். தொப்பிக்குள் பிடரியில் விரலை விட்டும் பார்ப்பார்.

தை மாதத்தில் ஒரு திங்கட்கிழமை மாதம்மாள் வந்தார். பாலக்கோட்டுப் பக்கம் தக்காளி போடுகிறவர், அறுபத்தொரு வயது, குடலில் கட்டி. "இல்லைங்க, வெள்ளிக்கிழமையே ஊத்திக்கிட்டன்" என்றார். வார்டிலேயே தொப்பியை நெற்றி வரை இறக்கிப் போட்டிருந்தார். அந்த நேரம் பார்த்து மெஷினின் பிளக் கழன்று கழன்று விழ, அக்கா அதைச் சரி செய்யப் போனார். பிடரியைத் தொட மறந்துவிட்டார்.

ஒரு மணி நேரம் கழித்து மயக்க மருத்துவர் சமரீன் திரையைப் பார்த்தார். "அக்கா, மெஷின் ஓடுதா? உடம்புச் சூடு முப்பத்தஞ்சு புள்ளி ஆறுதான் காட்டுது, முப்பத்தாறுக்குக் கீழ போகக் கூடாது."

"ஓடுதுங்க. காத்து சூடாத்தான் வருது."

கத்தியோடு நின்ற ராஜா டாக்டர் நிமிரவில்லை. "ரத்தம் கசிஞ்சிட்டே இருக்கு. இன்னும் இறங்குச்சுன்னா பாதியில மூடிட்டு இன்னொரு நாள்தான் திறக்கணும். இந்தம்மா உடம்பு ரெண்டாவது தடவை தாங்குமா?"

இளைய நர்ஸ் ஐஸ்வர்யா மெல்லக் கேட்டாள், "சுடுதண்ணி பாட்டில் பக்கத்துல வெக்கலாமாக்கா?"

"வேண்டாம். சுட்டுச்சுன்னா சொல்றதுக்கு அவங்க முழிச்சா இருக்காங்க?"

சொல்லும்போதே அக்காவின் கை தொப்பிக்குப் போனது. பின்னல் நனைந்த கயிறாக இருந்தது. தலைக்கடியில் இருந்த துணியும் ஊறிப்போயிருந்தது.

"நான்தான் பார்க்காம விட்டுட்டேன்" என்றார் அக்கா.

சமரீன் தலையையும் வாயிலிருந்த சுவாசக் குழாயையும் அசையாமல் பிடித்துக்கொள்ள, அக்கா பின்னலை அவிழ்த்து, சூட்டு அலமாரியிலிருந்து ஒவ்வொன்றாகத் துண்டை எடுத்து முடியை ஒற்றினார். ஆறு துண்டு ஆயிற்று. அடியில் இருந்த ஈரத் துணியை உருவிவிட்டு, ஏழாவதைத் தலையில் சுற்றி, மேலே பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்தினார்.

"சார், ஏசியைக் கொஞ்சம் ஏத்தட்டுங்களா?"

"ஏத்துங்க. நான் இட்லியா வெந்துட்டா எறக்கிக்கலாம்."

எண் முப்பத்தைந்து புள்ளி ஐந்துக்கு இறங்கியது. வெகுநேரம் அங்கேயே நின்றது. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஆறு, எட்டு. முப்பத்தாறைத் தொட்டபோது ராஜா டாக்டர், "கசிவு குறையுது, முடிச்சிடலாம்" என்றார்.

விழிப்பு அறையில் மாதம்மாள் அரைக்கண் திறந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"குளுருதுங்களா?"

"இல்ல." கண்ணை மூடிக்கொண்டே, "பொய் சொல்லிட்டன் கண்ணு. ஈரமின்னா நாளைக்கு வான்னு தள்ளிப்புடுவாங்க. திரும்பி வூட்டுக்குப் போவமோ என்னமோ, அழுக்குத் தலையோடவா போறது?" என்றார். "ஒம் பேரென்ன?"

"மணிமேகலைங்க."

"மணிமேகலை" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டுத் தூங்கிப்போனார். பிடித்த கையை விடவில்லை. அக்காவும் உருவிக்கொள்ளவில்லை.

மறுநாள் மதியம் அக்கா வார்டுக்குப் போனார். பொதுவாக அவர் போவதில்லை. மாதம்மாளின் மகன் நவநீதன் கட்டிலருகே சீப்போடு தடுமாறிக்கொண்டிருந்தான்.

"பெட்ஷீட் மாத்த வந்தீங்களா?" என்றார் மாதம்மாள்.

"இல்லைங்க, சும்மா பார்க்கத்தான். குளிர், நடுக்கம் எதுவும் இல்லையே?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. ஆனா பாருங்க, உள்ள எவளோ எம் பின்னலை அவுத்துப் போட்டிருக்கா. ஒரே சிக்கு. இவன் சீவறன்னு வேரோட புடுங்கறான்."

"எங்கிட்ட குடு தம்பி" என்று அக்கா சீப்பை வாங்கினார். நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சிக்கெடுத்தார். முடி நன்றாகக் காய்ந்திருந்தது. தளரப் பின்னி, முனையில் முடிச்சிட்டார்.

"டாக்டர் சொல்ற வரைக்கும் தலைக்கு ஊத்தாதீங்க."

"சரிங்க" என்றார் மாதம்மாள். பேர் கேட்கவில்லை.

போகும்போது அக்கா போர்வையின் நுனியைத் தூக்கிப் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். சூடாக இருந்தது. இரண்டு மணிக்கு அடுத்த ஆள். போர்வைகளை அடுக்கப் படியிறங்கினார்.