காய்க்குலையும் புள்ளிப் புத்தகமும்

கூலிம் ஹைடெக் பூங்காவின் தொழிற்சாலைகளில் வேலைக்கு வருகிறவர்களின் கண்ணைச் சோதிக்கும் நர்ஸ் நான்; எல்லாருக்கும் மிஸ்ஸி. கிளினிக்குகளில் குப்பை கொட்டும் உங்களுக்குத் தெரியும், குறை எங்கிருந்து வந்தாலும் ஏச்சு நமக்குத்தான்.

வெறும் புள்ளி

நிறம் பார்த்து ஒயர் பிணைக்கும் வேலைக்குக் குமாரை அவன் அம்மா சரசு அக்கா கூட்டிவந்தார். பக்கத்து எஸ்டேட்டில், பாமாயில் எடுக்கும் செம்பனைக் காட்டில் வேலை செய்கிறவர். மகனாவது ஏர்கோன் குளிருக்குள் உட்காரட்டும் என்று ஆசை. நிறப் புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் புத்தகத்தைப் புரட்டினேன். முதல் பக்கத்தைத் தவிர வேறெதிலும் அவனுக்கு எண் தெரியவில்லை. சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்க வராத கண், ஒயர் வேலை கிடைக்காது என்றேன். எழுந்து போகும்போது அவன் சொன்னான்: "வெறும் புள்ளியக் காட்டிட்டு வேலை இல்லங்கிறீங்களே மிஸ்ஸி."

மனப்பாடம்

அடுத்த வருடம் இளையவன் சேகர் அம்மாவோடு வந்தான். எண்களைக் கடகடவென்று சொன்னான். சந்தேகப்பட்டு, புத்தகத்தைப் பின்னாலிருந்து புரட்டினேன். அப்போதும் பழைய வரிசையிலேயே ஒப்பித்தான். அண்ணனைச் சோதித்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, எண்களை மனதில் வாங்கிப்போய் இவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். எனக்குக் கோபம் வரவில்லை. இருந்தாலும் 'தகுதியில்லை' என்று எழுதினேன். சரசு அக்கா தலை நிமிரவில்லை. "எனக்குத் தெரியிறது அவனுக்கும் தெரியட்டும்னுதான் சொல்லிக் குடுத்தேன் லா."

யார் வழி

இது பிள்ளைகளின் குடிகார அப்பனால் வந்ததா என்று சரசு அக்கா அன்றே கேட்டார். இல்லை, அம்மா வழியாக மகனுக்கு வருவது என்றேன். பெண்ணிடம் ஒரு மரபணு பழுதானாலும் இன்னொன்று காப்பாற்றிவிடும், பார்வை நன்றாகவே இருக்கும். மகனுக்கு அந்த மாற்று கிடையாது; பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. உங்கள் அப்பாவுக்கும் இருந்திருக்கலாம் என்று சொன்னேன். அதை மட்டும் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அவர் அப்பா செம்பனைக் குலை வெட்டியவராம். சிவந்து பழுத்ததை விட்டுவிட்டுக் காயை வெட்டுகிறார் என்று வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் தினமும் திட்டு வாங்கி, கடைசியில் வேலையும் போயிருக்கிறது. வீட்டிலும் அவருக்குச் சோம்பேறி என்றுதான் பெயர். சரசு அக்கா புள்ளிப் புத்தகத்தை மூடி என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னார்: "எங்கப்பா வேணும்னே காய வெட்டல மிஸ்ஸி. அவரு சாகுற வரைக்கும் நானும் சேந்து ஏசிட்டேன்."

மனப்பாடத்தைக் கண்டுபிடித்த கெட்டிக்காரி என்று அந்த மாதக் கூட்டத்தில் மேனேஜர் எனக்குக் கைதட்டச் சொன்னார். நம் வேலையின் லட்சணம் இவ்வளவுதான்.